ரத்த ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, எலும்பில் ஓட்டை ஏன் மூடவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. போன வருடம் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. முதுகுவலிக்கு முதலில் எடுத்த எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பல மாதம் கழித்து சி.டி. ஸ்கேனில்தான் முதுகெலும்பிலும் இடுப்பிலும் ஓட்டைகள் தெரிந்தன. பத்து மாத சிகிச்சைக்குப் பிறகு நோயின் அளவைக் காட்டும் எம் புரதம் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லை. ஆனால் புது ஸ்கேனிலும் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நோய் போகவில்லையா? மாதாமாதம் போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி வேலை செய்யவில்லையா? இப்போது கடைவாய்ப் பல் வேறு வலிக்கிறது, பிடுங்கலாமா? கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா? நடக்க விடலாமா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டை மூடவில்லை என்பதால் மட்டும் நோய் போகவில்லை என்று ஆகாது. மைலோமாவில் புற்றுநோய் அடங்குவது ஒரு கணக்கு, எலும்பு ஆறுவது வேறு கணக்கு. முதலாவது சில மாதங்களில் நடக்கலாம். இரண்டாவது வருடக்கணக்கில் இழுக்கும்; சில இடங்களில் கடைசிவரை முழுதாக நடக்காமலும் போகலாம். சி.டி. காட்டுவது எலும்பில் விழுந்த பள்ளத்தை. அந்தப் பள்ளத்துக்குள் உயிருள்ள புற்றுசெல் இருக்கிறதா என்பதை அது தெளிவாகச் சொல்லாது. பெட் ஸ்கேன் ஓரளவு சொல்லும். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரே அதை எடுக்கச் சொல்வார். எம் புரதம் குறைந்து, புதிதாக ஓட்டை எதுவும் வராமல், பழையது பெரிதாகாமல் இருந்தால் அது நல்ல செய்திதான்.

இந்த நோய் மருத்துவர்கள் கண்ணில் முதலில் பட்டதே எலும்பு நோயாகத்தான். 1840-களில் லண்டனில் ஒரு வணிகர் நெஞ்சிலும் முதுகிலும் தாங்க முடியாத வலியோடு கிடந்தார். 1846 ஜனவரியில் அவர் இறந்த பிறகு பார்த்தபோது விலா எலும்புகள் கத்தியால் எளிதில் வெட்டும் அளவுக்கு மெத்தென்று இருந்தன. அவருடைய சிறுநீரில் இருந்த விசித்திரமான புரதத்தை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர்; அந்தப் புரதத்துக்கு அவர் பெயர்தான். உங்கள் அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகளில் அந்தப் பெயர் ஒருவேளை இருக்கும்.

சரி, எலும்பு ஏன் ஆறுவதில்லை? நம் எலும்பு எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இடிக்கப்பட்டு, இடித்த இடத்திலேயே மறுபடி கட்டப்படுகிறது. இடிக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர், கட்டும் செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டுதான் வேலை பார்க்கும். எலும்பு மஜ்ஜையில் பெருகும் மைலோமா செல்கள் இந்தப் பேச்சைக் குலைக்கின்றன. 'இடி' என்று சொல்லும் ராங்க்-எல் என்ற சமிக்ஞையைக் கூட்டுகின்றன, அதற்குக் கடிவாளம் போடும் புரதத்தைக் குறைக்கின்றன. இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டும் செல்களையும் எழவிடாமல் அமுக்கி வைக்கின்றன. டி.கே.கே.-1 என்ற புரதத்துக்கு இதில் பங்கு இருப்பதை 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஸ்கிளிரோஸ்டின் என்ற இன்னொரு புரதமும் இதே வேலையைச் செய்கிறது. மற்ற பல புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும்போது இடிப்பும் நடக்கும், பக்கத்திலேயே ஏதோ ஒரு கட்டுமானமும் நடக்கும். மைலோமாவில் இடிப்பு மட்டும்தான். புற்றுசெல்கள் போன பிறகும் அமுங்கிய கட்டும் செல்கள் பழையபடி எழுவதில்லை. அப்பாவின் ஸ்கேனில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

எக்ஸ்-ரே ஏமாற்றியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் குறைந்தது 30 சதவீதம் எலும்பாவது கரைந்தால்தான் எக்ஸ்-ரேயில் பள்ளம் தெரியும். 'போன் ஸ்கேன்' என்ற ஐசோடோப் ஸ்கேனும் இந்த நோயில் கைவிட்டுவிடும். அது கட்டும் செல்கள் சுறுசுறுப்பாக இருக்கும் இடத்தைத்தான் காட்டும், இங்கே அவைதான் படுத்துக் கிடக்கின்றனவே! அதனால்தான் இப்போது உடல் முழுவதற்குமான குறைந்த கதிர்வீச்சு சி.டி.யையோ, பெட் ஸ்கேனையோ, எம்.ஆர்.ஐ.யையோ கேட்கிறோம். வயதானவர்களின் முதுகுவலியை எக்ஸ்-ரேயோடு முடித்துவிட்டு, ரத்தசோகையையும், சிறுநீரகம் பலவீனமாவதைக் காட்டும் ஏறும் கிரியாட்டினினையும் தனித்தனியாகப் பார்ப்பதால் பல மாதங்கள் வீணாகின்றன. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்த தாமதத்தில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

ஊசி விஷயத்துக்கு வருவோம். சோலெட்ரோனிக் ஆசிட் இடிக்கும் செல்களை அடக்கும் மருந்து. ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை. புதிது விழாமல், எலும்பு முறியாமல் காப்பதுதான். ஆகவே ஓட்டை அப்படியே நிற்கிறது என்றால் ஊசி தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 1,960 பேரிடம் நடந்த 'மைலோமா 9' ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. சோலெட்ரோனிக் ஆசிட் பெற்றவர்களுக்கு, குளோட்ரோனேட் என்ற பழைய மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இறப்பு அபாயம் 16 சதவீதம் குறைவாக இருந்தது. எலும்புக்குக் கொடுத்த மருந்து ஆயுளையும் நீட்டியது எங்கள் துறையில் பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எலும்பு கரையும்போது அதிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் பொருள்கள் மைலோமா செல்களுக்கே தீனியாகின்றன. எலிகளில் நடந்த ஆய்வுகளில், எலும்பின் ஓரத்தில் உறங்கிக் கிடந்த மைலோமா செல்களை எலும்பு இடிப்பு தட்டி எழுப்புவதும் தெரிந்தது. எனவே இந்த ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு நாள் போடுவது? பொதுவாகக் குறைந்தது 12 மாதம், மாதம் ஒருமுறை. நோய் நன்றாக அடங்கியவர்களுக்கு அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இடைவெளி கூட்டலாம். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தை நெருங்குகிறார், அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் கிரியாட்டினின் பார்த்தாக வேண்டும். 15 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். சிறுநீரகம் மிகவும் பலவீனமாகிவிட்டால் இந்த மருந்து சரிவராது. அப்போது டெனோசுமாப் என்று தோலுக்கு அடியில் போடும் ஊசி இருக்கிறது. 1,718 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. எலும்பைக் காப்பதில் டெனோசுமாப் பின்தங்கவில்லை, சிறுநீரகத்துக்குத் தொல்லையும் குறைவு. ஆனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும் ஆபத்து அதில் அதிகம். இன்னொன்று, டெனோசுமாபைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த இடிப்பு ஒரேயடியாகக் கிளம்பி முதுகெலும்புகள் நசுங்கக்கூடும். நிறுத்துவதென்றால் மருத்துவர் திட்டமிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது பல். இதில் அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்த இரண்டு ஊசிகளுமே தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலையைச் சிலருக்கு உண்டாக்கும். மேலே சொன்ன 2018 ஆய்வில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு இது வந்தது. பெரும்பாலும் பல் பிடுங்கிய இடத்தில்தான் தொடங்கும். அதற்காக சீழ் பிடித்த பல்லை அப்படியே விட்டுவைத்தாலும் ஆபத்துதான், அந்தத் தொற்றே தாடையைக் கெடுக்கும். பல் மருத்துவரிடம் போனவுடன் முதல் வார்த்தையாக, "அப்பாவுக்கு சோலெட்ரோனிக் ஆசிட் போடுகிறோம், கடைசி ஊசி இந்தத் தேதியில்" என்று சொல்லிவிடுங்கள். வேர் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்ற முடியுமானால் அதுவே மேல். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு மருத்துவர்களும் பேசி, அடுத்த ஊசியைத் தள்ளிவைத்து, புண் முழுதாக மூடிய பிறகு மறுபடி தொடங்குவார்கள். ஊசியை நிறுத்தினாலும் சோலெட்ரோனிக் ஆசிட் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். எப்போதோ நிறுத்தியாயிற்று என்று இரண்டு வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் இதைச் சொல்லத் தவறாதீர்கள்.

கால்சியம் பற்றிய குழப்பம் நியாயமானது. நோய் உச்சத்தில் இருக்கும்போது எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் கொட்டும். அப்போது மாத்திரை கொடுப்பது தவறு. நோய் அடங்கி, ஊசி போய்க்கொண்டிருக்கும்போது நிலைமை தலைகீழ். எலும்பிலிருந்து வரும் வழியை ஊசி அடைத்துவிடுவதால் ரத்தத்தில் கால்சியம் குறையலாம். அதனால் சோலெட்ரோனிக் ஆசிட்டோடு தினமும் 500 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் தருவது வழக்கம். அப்பாவின் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி அளவுகளைப் பார்த்து மருத்துவர் எழுதித் தந்த பிறகு தொடங்குங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நடக்க விடலாமா என்று கேட்டீர்கள். விடுங்கள். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். சிகிச்சையில் ஸ்டீராய்டு சேர்ந்திருந்தால் தசையும் வற்றியிருக்கும். ஆனால் குனிந்து பாரம் தூக்குவதும், இடுப்பை வெடுக்கென்று திருப்புவதும் கூடாது. முதுகெலும்பு நசுங்கி வலி விடாமல் இருந்தால், அந்த எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் சிறு சிகிச்சை பலருக்கு நல்ல நிம்மதி தருகிறது. ஓரிடத்து வலிக்குக் கதிர்வீச்சும் உதவும். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடவே வேண்டாம். மைலோமா ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கும் சிறுநீரகத்தை அவை சாய்த்துவிடும். பாராசிட்டமால் போதவில்லை என்றால் வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இன்னும் வலுவான மாத்திரைகள் இருக்கின்றன.

எலும்பை மறுபடி வளர்க்க மருந்து வருமா என்பது உங்கள் மனதில் ஓடும். ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் மருந்து கொடுத்த மைலோமா எலிகளில் எலும்பு வளர்ந்து உறுதியும் கூடியது. டி.கே.கே.-1-ஐத் தடுக்கும் மருந்துகளும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. மைலோமாவுக்கு இவை இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் போர்டிசோமிப், புற்றுசெல்லைக் கொல்வதோடு கட்டும் செல்களையும் கொஞ்சம் எழுப்பிவிடுகிறது. அப்பாவின் சிகிச்சையில் அது இருந்ததா என்று பாருங்கள்.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. நன்றாக நடந்தவருக்குத் திடீரெனக் கால் தளர்ந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ தண்டுவடம் அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம், தூங்கித் தூங்கி விழுவது எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். காலை ஊன்றும்போது தொடையில் சுரீர் என்ற வலி வந்தால், எலும்பு முறிவதற்கு முன்பே கம்பி வைத்துத் தாங்கிப் பிடிக்க முடியும். அதுவரை அந்தக் காலில் பாரம் போட வேண்டாம். இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவாகவே இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.