‘இன்னைக்கு என்ன விசேஷம்?’

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். வயது 44. கணவர் அரசு ஊழியர். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் ஒன்பதாம் வகுப்பு. 71 வயதாகும் அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்.

சமையல் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் தினமும் சாம்பார், ரசம் என்று ஒரே மாதிரி ஓடியதில் அலுப்புத் தட்டிவிட்டது. உணவுக்கென்று இருக்கும் நாட்களை ஒரு டைரியில் குறித்து வைத்து, அந்தந்த நாளில் அதையொட்டி ஏதாவது செய்ய ஆரம்பித்தேன். பிப்ரவரி 10 உலக பருப்பு தினம், அன்றைக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு. மார்ச் 30 உலக இட்லி தினத்துக்கு மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றி வேகவைத்த காஞ்சிபுரம் இட்லி. செப்டம்பர் 2 உலக தேங்காய் தினத்துக்குத் திருநெல்வேலிச் சொதியும் இஞ்சித் துவையலும். வீட்டில் இருக்கும் சாமானை வைத்துத்தான் செய்கிறேன், பெரிய செலவொன்றும் கிடையாது.

வீட்டில் ஒருவருக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. இவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சொதி வைத்த அன்று, “குழம்பு ஏன் வெள்ளையா இருக்கு?” என்றதோடு சரி. மகன் இட்லியில் இருக்கும் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் வைப்பான். மகள் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவாள், சாப்பிட மாட்டாள். காலை நாலரைக்கு எழுந்து செய்கிறேன், “நல்லா இருக்கு” என்று ஒரு வார்த்தை கிடையாது.

எல்லோரையும்விட மோசம் அத்தைதான். தட்டில் வைத்ததும் “இன்னைக்கு என்ன விசேஷம்?” என்பார். சொல்வேன். நாலு வாய் சாப்பிட்டதும் மறுபடியும் “இன்னைக்கு என்ன விசேஷம்?” ஒரே சாப்பாட்டில் மூன்று தடவை கேட்டால் அது குத்தலில்லாமல் வேறென்ன? ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, இதெல்லாம்தான் விசேஷம். உன்னுடையதெல்லாம் என்ன விசேஷம் என்பது அவர் எண்ணம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பண்டிகைப் பட்சணத்தில் என்னைக் கைவைக்க விட்டதில்லை. மாவு சலிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும்தான் எனக்கு.

பருப்பு உருண்டைக் குழம்பு செய்த அன்று நடந்தது இன்னும் ஆறவில்லை. மத்தியானம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயந்திரம் இவர் ஆபீஸிலிருந்து வந்ததும், “எனக்கு யாரும் சோறே போடலை” என்கிறார்! இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

இத்தனைக்கும் நான் அவருக்கு எதிலும் குறை வைத்ததில்லை. போன கோகுலாஷ்டமிக்குச் சீடை மாவு பிசைய உட்கார்ந்தவர், பாதியில் கையை மாவிலேயே வைத்தபடி அப்படியே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “அடுத்து என்னடி போடணும்?” என்று கேட்டார். வெண்ணெய் என்றேன். உருட்டிப் போட்டதில் பாதி எண்ணெயில் வெடித்துத் தெறித்துவிட்டது. நானே கடையில் வாங்கி வந்து படைத்தேன். இவரிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது? அது வேறு விஷயம்.

நான் கேட்பது இதுதான்: மதிக்காதவர்களுக்காக நான் ஏன் இப்படி அடுப்படியில் வேக வேண்டும்? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால்தான் என் அருமை தெரியுமா?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

செல்போனும் மிளகும் கொஞ்சம் காத்திருக்கட்டும். ‘அது வேறு விஷயம்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட சீடையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

எத்தனையோ வருஷம் சீடை உருட்டிய கை அது. அரிசி மாவு, உளுத்தம் மாவு, வெண்ணெய், எள், உப்பு எல்லாம் யோசிக்காமலே வரிசையாக வந்து விழும். அப்படிப்பட்டவர் பாதியில் நின்று, இத்தனை காலம் பட்சணத்தில் கைவைக்க விடாத மருமகளைப் பார்த்து “அடுத்து என்ன?” என்று கேட்கிறார். உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டால் யார் போட்ட சீடையும் வெடிக்கும், அது பெரிதில்லை. அந்தக் கேள்விதான் பெரிது. உங்களுக்கும் அது உறைத்திருக்கிறது. அதனால்தான் சத்தமில்லாமல் கடைக்குப் போய் வாங்கி வந்தீர்கள்.

இப்போது உங்கள் மற்ற புகார்களைச் சீடைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சாப்பாட்டில் அதே கேள்வி மூன்று தடவை. கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் சாயந்திரம் சாப்பிடவே இல்லை என்கிறார். குத்திக்காட்ட நினைப்பவர் ஒரு தடவையிலேயே குத்திவிடுவார். பதிலைக் கேட்டுக்கொண்டு, நாலு வாய்க்கு அப்புறம் அதையே புதிதாகக் கேட்கிறவருக்கு அந்தப் பதில் மனதில் தங்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் டிமென்ஷியா என்கிற மறதி நோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். பழைய கதைகள் தெளிவாக இருக்கும், இன்று மத்தியானம் நடந்தது இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகள் உள்ள வேலை நடுவில் தடுமாறும், அதுவும் காலமெல்லாம் பழகிய வேலை. அதனால் சமையல்கட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் பல வீடுகளில் முதலில் தெரியவருகிறது. உங்கள் வீட்டில் அதைப் பார்த்தவர் நீங்கள்.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறீர்கள். ஆக நிறைய இருக்கிறது. பி12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும், சில தூக்க மாத்திரைகளாலும் இதே மாதிரி மறதி வரும். இவையெல்லாம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. மறதி நோயே என்றாலும், சீக்கிரம் தெரிந்தால் அவர் தெளிவாக இருக்கும்போதே அவரைக் கேட்டு முடிவெடுக்கலாம். உங்கள் டைரியில் தேங்காய் தினம் இருக்கும் அதே செப்டம்பரில் 21-ஆம் தேதி உலக அல்சைமர் தினம். இந்தத் தடுமாற்றத்தை ‘வயசாயிடுச்சு’ என்று குடும்பங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்று சொல்லத்தான் அப்படி ஒரு நாளே வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் ஏன் கணவரிடம் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது. “உங்க அம்மாவுக்கு ஞாபகம் தப்புது” என்று மருமகள் சொன்னால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ஒருவேளை உண்மையாகவே நோய் என்றால், பார்த்துக்கொள்ளும் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும். இரண்டு பயமும் நியாயமானவை. ஆனாலும் மறைத்தது சரியில்லை. அன்று சாயந்திரம் அவர் அப்படிப் பார்த்தது உங்களைச் சுட்டது. கோகுலாஷ்டமி அன்று நடந்ததை முன்பே அறிந்திருந்தால் அந்தப் பார்வை தன் அம்மாவின் பக்கம் கவலையோடு திரும்பியிருக்கும். அவர் மகன். தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, மருத்துவரிடம் அழைத்துப் போகும் பொறுப்பும் அவருடையது. அந்த வேலையையும் சேர்த்து நீங்கள் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வீட்டின் நல்ல நாட்களெல்லாம் அத்தையின் கையில் இருந்தன, உங்களுக்கு அங்கே சல்லடைதான் மிச்சம். அதனால் யாரும் பங்கு கேட்காத நாட்களாகத் தேடிப் பிடித்து, உங்களுக்கென்று ஒரு பஞ்சாங்கம் எழுதிக்கொண்டீர்கள். அதில் தப்பே இல்லை, அந்தக் காஞ்சிபுரம் இட்லியை நானும் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆனால் அத்தையோடு நடக்கும் அந்தப் பழைய போட்டியை நீங்கள் இன்னும் விடவில்லை. அவரிடம் இப்போது போட்டி போடத் தெம்பில்லை. மாவில் கைவைத்துக்கொண்டு உங்களிடம் கேட்டாரே, அந்த நேரம் அவர் மனதில் எவ்வளவு பயம் இருந்திருக்கும்! மகனைக் கூப்பிடவில்லை, பேத்தியைக் கூப்பிடவில்லை. உங்களைத்தான் கேட்டார். நீங்களும் ஏளனம் செய்யாமல் ‘வெண்ணெய்’ என்று சொன்னீர்கள். சாப்பாட்டு மேசையில் நீங்கள் எதிர்பார்த்த மரியாதை எதையும்விட அது பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது.

விசேஷ நாட்களை நிறுத்த வேண்டாம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மறந்தவர்களுக்கும் கைப்பழக்கம் பல நேரம் மிச்சமிருக்கும். அளவையும் அடுத்த படியையும் நீங்கள் சொல்லுங்கள், அவர் உருட்டட்டும். ‘இப்பத்தானே சொன்னேன்’, ‘ஞாபகம் இல்லையா?’ என்ற இரண்டும் வேண்டாம். எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை போலப் பதில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் உங்களைவிடப் பொறுமையாகப் பதில் சொல்லக்கூடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கணவரிடம் பேசுங்கள். “உங்க அம்மா இப்படிச் செய்கிறார்” என்று தொடங்காமல், சீடையன்று நடந்ததைப் பார்த்தபடியே சொல்லுங்கள். அத்தை சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் அம்மாவை நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ அழைத்துப் போகட்டும். அதுவரை அத்தை தனியாக இருக்கும்போது காஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.