புதுச்சேரி வரும் பயணிகளும் பாதுகாப்பும்: வழிகாட்டியிடம் கேட்டவை

(நம் உறுப்பினர் ஒருவர் புதுச்சேரியில் சுற்றுலா வழிகாட்டி. மற்றவர்கள் கேட்க, அவர் சொன்ன பதில்கள்.)

கடலூரில் தங்கும் விடுதி நடத்துபவர்: தங்கிப் போகிறவர்கள் விமர்சனத்தில் அறை, சாப்பாடு பற்றியெல்லாம் எழுதுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அதற்குச் செலவழித்து என்ன பயன், சார்?

எழுதாததுதான் உங்களுக்கு நல்ல மார்க். தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் தாழ்ப்பாள் ஆடினால், மதியம் ருசித்த வஞ்சிரமும் மறந்துபோகும்.

மகளுடன் வரும் அம்மா: இரவில் நடந்து சுற்றலாமா?

கடற்கரைச் சாலையில் தாராளமாக. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலைப் பக்கம் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டமே காவல். உள்தெருக்கள் சீக்கிரம் அடங்கிவிடும், நேரமானால் ஆட்டோ பிடியுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181.

சுற்றுலாத் துறை மாணவர்: போலீஸ் அதிகம் நின்றால் பயணிகளுக்கு நிம்மதியா?

எப்படி நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, தம்பி. எங்கள் ஊர் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரிடம் வழி கேட்பார்கள், படமும் எடுத்துக்கொள்வார்கள். அதே இடத்தில் துப்பாக்கியோடு பத்துப் பேர் நின்றால், ‘இங்கே என்ன நடந்தது?’ என்றுதான் முதலில் தோன்றும்.

சென்னை இளைஞர்: கடலில் கால் வைத்தாலே விசில் ஊதுகிறார்கள். ஜாலியே போச்சு!

கோபம் புரிகிறது. ஏன் என்று சொல்லாமல் விரட்டினால் யாருக்கும் எரிச்சல்தான். விஷயம் இதுதான்: அலைகள் கரையில் கொட்டும் தண்ணீர் சில இடங்களில் குறுகிய வாய்க்கால்போல வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அங்கே அலை அதிகம் உடையாது, அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர் அந்த இடத்தைத்தான் தேடி இறங்குவார்! இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். இதை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் என்னோடு வருபவர்கள் முணுமுணுப்பதில்லை. சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) கிடைத்தது. அதற்கான நிபந்தனைகளில் உயிர்காப்பாளரும் உண்டு. குளித்தே ஆக வேண்டுமென்றால் அப்படி ஆள் நிற்கும் இடத்துக்குப் போங்கள். குடித்துவிட்டு மட்டும் வேண்டாம்.

மறுபடியும் விடுதிக்காரர்: புயல் சமயத்தில் முன்பதிவு செய்தவர்களை என்ன செய்வது?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நினைவிருக்கும். நம் பக்கம் நவம்பர், டிசம்பர் என்றாலே அப்படித்தான். எச்சரிக்கை வந்தவுடன் நீங்களே போன் செய்து தேதியை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். அவர்கள் பதறிக் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள்.