காலையில் ஃபிக்ஸ், இரவில் ஃப்ளோட்: ஆன்டெனாவை மாற்றும் முன்

கேள்வி: திருச்சிப் பக்கம் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு ஆர்டிகே முறையில் (நிலையாக நிற்கும் ஒரு கருவி அனுப்பும் திருத்தத்தை வைத்து, கையில் உள்ள கருவி செ.மீ. துல்லியத்தில் இடம் காட்டும் செயற்கைக்கோள் அளவை) சர்வே செய்கிறேன். பேஸ் என்ற நிலைக்கருவி எங்கள் அலுவலக மாடியில் இருக்கிறது. வேலை நடக்கும் இடம் அங்கிருந்து 25 கி.மீ. காலையில் ரோவர் என்ற கைக்கருவி சில நொடிகளில் ஃபிக்ஸ் ஆகிவிடுகிறது, அதாவது செ.மீ. துல்லியத்துக்கு வந்துவிடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் நிமிடக் கணக்கில் காக்க வைக்கிறது. வண்டிகள் குறையட்டும் என்று இரவு எட்டு மணிக்குப் போனால் அந்தத் துல்லியத்துக்கு வராமல் ஃப்ளோட்டிலேயே நிற்கிறது, செயற்கைக்கோள்களும் விட்டுவிட்டுப் போகின்றன. 2019இல் இதே கருவி இப்படிப் படுத்தவில்லை. ஒரே செயற்கைக்கோளின் சிக்னலை இரண்டு அதிர்வெண்களில் வாங்கும் இரட்டை அதிர்வெண் கருவிக்கு, மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தால் பிழையே வராது, ஆன்டெனாதான் கெட்டிருக்கும் என்கிறார் விற்றவர். புதிது வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆன்டெனா கெட்டிருந்தால் காலையிலும் தகராறு செய்யும். முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பேஸிலிருந்து வரும் திருத்தம் எத்தனை நொடி பழையது என்று ரோவர் திரையில் காட்டும். மாலையில் மொபைல் நெட் திணறினாலும் ஃபிக்ஸ் வராது. ஆனால் செயற்கைக்கோள்களே விட்டுப்போகின்றன என்கிறீர்களே, அது நெட் செய்கிற வேலையில்லை.

விற்றவர் சொன்னது பாதி உண்மை. அயனி மண்டலத்தில் உள்ள எலக்ட்ரான்கள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். எலக்ட்ரான் அளவை டெக் அலகில் சொல்வார்கள். செயற்கைக்கோள் அனுப்பும் இரண்டு அதிர்வெண்களில், ஓர் அலகுக்கு எல்1இல் சுமார் 16 செ.மீ., எல்2இல் 27 செ.மீ. தாமதம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் நம் பகுதிகளில் மதியம் 100 அலகு என்பது அதிசயமில்லை. அப்படியென்றால் தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளுக்கே எல்1இல் 16 மீட்டர். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கு அதுபோல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டு அதிர்வெண்களிலும் தாமதம் வேறுவேறு என்பதால், இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் கிட்டத்தட்ட முழுவதும் கழிந்துவிடும். விற்றவர் சொல்வது இதைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அப்படிக் கலக்கும்போது இரைச்சல் மூன்று மடங்காகிறது. அதைவிட முக்கியம், அந்தக் கலவையின் அலைநீளம் வெறும் 6 மி.மீ.தான். ஃபிக்ஸ் என்றால் முழு அலைகள் எத்தனை என்று பிசகாமல் எண்ணுவது, 6 மி.மீ. அலையை நேரடியாக எண்ண முடியாது. அதனால் சாதாரண ஆர்டிகே எல்1, எல்2 அலைகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. பேஸும் ரோவரும் ஒரே வானத்தைப் பார்க்கின்றன, இருவருக்கும் தாமதம் ஒன்றுதான், கழித்தால் போய்விடும் என்ற நம்பிக்கையில் அது ஓடுகிறது.

5 கி.மீ.க்குள் அந்த நம்பிக்கை பலிக்கும். 25 கி.மீ.க்குப் பலிக்குமா என்பது வானத்தைப் பொறுத்தது. அமைதியான காலையில் இரு முனைகளுக்கும் வித்தியாசம் கிலோமீட்டருக்கு 1, 2 மி.மீ.தான். காந்த நடுக்கோட்டுப் பகுதியில் (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோட்டின் பக்கம்), கலங்கிய பிற்பகலில், அது 10 மி.மீ.யைத் தாண்டலாம். உங்கள் தூரத்துக்குப் பெருக்கினால் 25 செ.மீ. எல்1 அலையின் நீளமே 19 செ.மீ.தான். எண்ணிக்கை ஒன்று பிசகுவதற்கு இது தாராளமாகப் போதும். இதில் ஃபிக்ஸ் வராமல் இருப்பதைவிடப் பொய்யாக ஃபிக்ஸ் காட்டுவதுதான் ஆபத்து. உயரம் 20 செ.மீ. தவறிப்போகும், திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

இரவு எட்டு மணிக் கதை வேறு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில் போகிறது; கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததற்கே அதுதான் காரணம். சூரியன் மறைந்தபின் அங்கே அயனி மண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் கிளம்பி மேலே ஏறுகின்றன. அவற்றின் வழியாக வரும் சிக்னல் மினுக்குகிறது. கருவியின் பிடி விட்டுப்போகிறது. இது தாமதமே இல்லை, அதனால் எந்தத் திருத்தமும் இதைச் சரிசெய்யாது. மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நள்ளிரவு வரை தொல்லை அதிகம். 2019இல் சூரியன் அதன் சுமார் 11 வருடச் சுழற்சியின் அடிமட்டத்தில் இருந்தது. உச்சக்கட்டம் வந்துவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. அடிமட்ட வருடங்களில் ஆர்டிகே பழகியவர்கள் பலர் இந்த வானத்தைப் பார்த்ததே இல்லை. காந்தப்புயல் குறியீடு காட்டும் ஆப்பை நம்பிப் புறப்படுவதும் வீண். நம் குமிழ்கள் புயலே இல்லாத நாளிலும் நன்றாக வரும்.

சரி, செய்ய வேண்டியது? பேஸை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வழியில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (துல்லியமாக இடம் தெரிந்த புள்ளிகள்) நிறுவி 5, 6 கி.மீ.க்கு ஒருமுறை பேஸை நகர்த்தினால் பிற்பகல் தொல்லை பெரும்பாலும் தீரும். அது முடியாவிட்டால் சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் (நிரந்தர நிலையங்களின் வலை) நெட்வொர்க் திருத்தம் எடுங்கள். ஒரே பேஸை நம்பாமல், சுற்றியுள்ள நிலையங்களிலிருந்து உங்கள் இடத்துக்கான தாமதத்தைக் கணக்கிட்டுத் தரும்; ஆனால் நிலையங்களுக்கு நடுவே குமிழ் வந்தால் அதுவும் கோட்டைவிடும். கலிலியோ, பெய்டூ ஆகிய ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்களை அணைத்து வைத்திருந்தால் போடுங்கள். பிற்பகலில் அடிவானத்திலிருந்து 15 பாகைக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்குங்கள்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு ஆர்டிகேயே வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் நிலையாக வைத்துப் பதிவு செய்து, அலுவலகத்தில் கணக்கிடுங்கள். நேரம் இருப்பதால் மென்பொருள் முதலில் எல்1, எல்2 இரண்டையும் கழித்துக் கிடைக்கும் 86 செ.மீ. நீளமுள்ள அகல அலையை எண்ணிவிட்டு, பிறகு அயனித் தாமதம் இல்லாத கலவைக்கு வரும். விற்றவர் சொன்னது அங்கே முழுக்க உண்மையாகும்.

இரவு வேலை தவிர்க்கவே முடியாதென்றால் செயற்கைக்கோள் இல்லாமல் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை எடுத்துப் போங்கள். ஆர்டிகேதான் என்றால் முக்கியப் புள்ளி ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் கழித்து, ஃபிக்ஸை உடைத்து, அதாவது கருவியை முதலிலிருந்து எண்ண வைத்து, மறுபடி எடுங்கள். இரண்டும் 2, 3 செ.மீ.க்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் புள்ளியை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடுங்கள்.