டம்ளரில் வேண்டாம், ஸ்பூனில் கொடுங்கள்

கேள்வி: முதலில் ஏழு வயது மகனுக்கு வாந்தி. மறுநாள் எனக்குப் பேதி. இப்போது ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும், எழுபதைத் தாண்டிய மாமியாரும் படுத்துவிட்டார். மகனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. வயிற்றைக் காயப்போடு என்கிறார் ஒருவர். இஞ்சிச் சாறு கொடு என்கிறார் இன்னொருவர். மாத்திரை இல்லாமல் வீட்டிலேயே சமாளிக்க முடியுமா?

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மகன் எழுந்து ஓடிக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன். ஒருவர் மாற்றி ஒருவராகப் படுத்ததைப் பார்த்தால் வைரஸ் தொற்றாகத்தான் தெரிகிறது. வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். அதைக் கொல்ல மாத்திரையும் இல்லை, மூலிகையும் இல்லை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே வீட்டு வைத்தியம் என்றால், உடம்பு தானே மீண்டு வரும்வரை அதில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுவே நல்லது. அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். கைவசம் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவில் கைவாகு பார்க்கவே கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை கூடினால் பேதி கூடும். நீங்கள் முதலில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

வெறும் உப்பும் சர்க்கரையும் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பேதியாகும்போதும் குடலில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சர்க்கரையிலிருக்கும் குளுக்கோஸும் உப்பிலிருக்கும் சோடியமும் ஜோடியாக அதன் வழியே ரத்தத்துக்குள் நுழைகின்றன. தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போய்விடுகிறது. 1971இல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அங்கே இறப்பு நான்கு பேருக்கும் கீழே வந்தது. அன்று அந்த உறவினர்கள் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன்.

திரும்பி வந்துவிடுகிறது என்றீர்களே, அங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. பிள்ளை வாடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு டம்ளரை முழுதாகக் குடிக்க வைத்துவிடுகிறோம். நானும் என் பிள்ளைக்கு அப்படிக் கொடுத்துவிட்டுத் தவித்திருக்கிறேன். குமட்டும் வயிற்றுக்கு டம்ளர் ஆகாது. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன். இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் டீஸ்பூனுக்கு 5 மில்லி என்றாலும் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடுகிறது. வாந்தி நின்றதும் ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். உங்கள் மகன் வயதுக்கு அது போதும்.

இஞ்சி குமட்டலைத் தணிக்கும், அது உண்மை. பெரியவர்கள் இரண்டு துண்டு நசுக்கிக் கொதிக்கவைத்த நீரை ஆறவிட்டுச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். பிள்ளைக்குக் காரமான சாற்றைப் புகட்டி இன்னொரு வாந்தியை வரவழைக்க வேண்டாம். தேன் கலப்பதானால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளிகூடக் கூடாது. வயிறு பிசைந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் இதம் தரும்.

வயிற்றைக் காயப்போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புண்பட்ட குடல் ஆறுவதற்குச் சாப்பாடு வேண்டும். பசி எடுத்ததுமே குழைந்த சோறு, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு என்று கொஞ்சமாகத் தொடங்குங்கள். குளிர்பானம், இனிப்பு ஜூஸ் இரண்டும் வேண்டாம். பால் சிலருக்குப் பேதியைக் கூட்டும், இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆல்கஹால் சானிடைசருக்கு நோரோ வைரஸ் அவ்வளவாக மசியாது. பேதி நின்று இரண்டு நாள் ஆகும்வரை மகனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். உங்களுக்குப் பதில் வேறு யாராவது சமைக்க முடிந்தால் நல்லது.

மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, விடாத கடும் வயிற்றுவலி, 102 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், ஸ்பூனில் கொடுத்தும் எதுவும் தங்காமல் போவது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், எழுப்பினாலும் சோர்ந்து விழுவது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எனக்கு உங்கள் மகனைவிட மாமியாரை நினைத்தால்தான் கவலை. வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினாலும் தாகம் அவ்வளவாகத் தெரியாது. வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்காமல் கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டுபவை. வாந்தி பேதியின்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நீங்களாக நிறுத்தவும் கூடாது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் அவருடைய டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.