தோற்றவர் போட்ட காசு எங்கே போகிறது? போட்டிக் கோட்பாடு: கேள்வி பதில்

போட்டிக்காக மனிதர்கள் செலவழிக்கும் பணம், காலம், உழைப்பு ஆகியவற்றை ஆராயும் பொருளியல் பிரிவுதான் போட்டிக் கோட்பாடு. சேலம் பக்கத்து நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவன் என்ற முறையில் என் பதில்கள்.

கொங்கணாபுரம் வியாபாரி: பருத்தி ஏலமும் போட்டிதானுங்களே? இதுக்குத் தனியா ஒரு கோட்பாடு எதுக்குங்க?

ஏலத்தில் மூட்டை உங்களுக்கு விழாவிட்டால் பணம் உங்கள் பையிலேயே இருக்கும். தேர்தல், வழக்கு, அரசு வேலைத் தேர்வு இவற்றில் அப்படியில்லை, தோற்றவர் போட்டதும் போனதுதான். கார்டன் டல்லாக் என்ற பொருளியலாளர் 1980ல் இதற்கு ஓர் எளிய கணக்குப் போட்டார். மொத்தச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவோ, ஜெயிக்கும் வாய்ப்பும் அவ்வளவு என்று வைத்துக்கொள்வோம். பரிசு 1 லட்சம் ரூபாய். சமபலமுள்ள இருவர் மோதினால் ஆளுக்கு 25,000 போடுவார்கள். பத்துப் பேர் வந்தால் ஆளுக்கு 9,000தான், ஆனால் மொத்தம் 90,000. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் அளவாகத்தான் செலவழிக்கிறார்கள். 1 லட்சம் பரிசில் ஊருக்கு மிஞ்சுவதோ 10,000.

ஆத்தூர் மாணவி: மூணு வருஷமா குரூப் 4க்குப் படிக்கிறேன் சார். விடவும் முடியல. இது வீணா?

வீண் என்று சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால் கணக்கைக் கண்திறந்து பாருங்கள். 2024 குரூப் 4க்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். தேர்வாகாதவர்களின் வயதும் பயிற்சி மையக் கட்டணமும் விடுதி வாடகையும் டல்லாக் கணக்கில் கரைந்த தொகைதான்.

நம் மாநிலத்தை வைத்தே குணால் மங்கள் என்ற பொருளியலாளர் ஓர் ஆய்வு செய்தார். 2001 முதல் 2006 வரை தமிழக அரசு பெரும்பாலான பணி நியமனங்களை நிறுத்தி வைத்திருந்தது. இடம் இல்லையென்றால் இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. அந்தக் காலத்து ஆண் பட்டதாரிகள் வேலையில்லாமல் இருந்த காலம் கூடியது. தேர்வுக்கே தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அவர் தரும் விளக்கம். பிற்காலத்தில் அவர்களுடைய வருமானமும் அடிபட்டது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது, என்னிடம் படித்தவர்களும் அந்த வயதுக்காரர்கள்தான்.

உங்களிடம் இருக்கும் நல்ல தகவல் உங்கள் பழைய மதிப்பெண். கட்-ஆஃபை நெருங்கிக்கொண்டு வருகிறீர்களா, அதே இடத்தில் நிற்கிறீர்களா? நிற்கிறீர்கள் என்றால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு எழுதுங்கள். தூண்டில் முள்ளாக இருப்பது அரசுச் சம்பளத்துக்கும் வெளிச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி. அது குறையாமல் இந்தக் கூட்டம் குறையாது.

ஏற்காடு ஆசிரியை: எங்க பள்ளி அறிவியல் போட்டியில ஒரே பையன்தான் எப்பவும் முதல் பரிசு. ஒரு பெரிய பரிசா, பல சின்னப் பரிசா?

பல பரிசு வையுங்கள் டீச்சர். மொல்டோவானு, செலா என்ற பொருளியலாளர்கள் 2001ல் காட்டியது இது: கூடுதல் உழைப்பின் சிரமம் சீராக ஏறினால் ஒரே பரிசு போதும், செங்குத்தாக ஏறினால் பல பரிசுகள் மொத்த உழைப்பைக் கூட்டலாம். மிக வலுத்த ஒருவர் எதிரே இருந்தால் மற்றவர்கள் தளர்ந்துவிடுவதும் உண்டு. டைகர் வுட்ஸ் கலந்துகொண்ட போட்டிகளில் மற்ற கோல்ஃப் வீரர்கள் வழக்கத்தைவிட மோசமாக ஆடினார்கள் என்று ஜெனிஃபர் பிரவுன் என்ற பொருளியலாளர் கண்டறிந்தார். அந்தப் பையனைச் சீனியர் பிரிவுக்கு அனுப்பினால் மற்ற பிள்ளைகள் நிமிர்வார்கள்.

தலைவாசல் விவசாயி: குச்சிக்கிழங்குக்குப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. பாயிண்ட் பார்க்கறது ஆலைக்காரங்களே. நாங்க என்னங்க பண்றது?

ஒரு தரப்புக்கு மட்டும் விவரம் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஆராயும் தகவல் பொருளியலின் மையக் கேள்வி இது அண்ணா. மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலைக்காரர் சொல்வதுதான் அளவு. பேரம் சரிப்படவில்லையென்று திருப்பிக்கொண்டு வரவும் முடியாது, பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கெட ஆரம்பித்துவிடும். தகவலும் அவர் கையில், நேரமும் அவர் பக்கம். அந்த ஆலைக்காரர் நேர்மையாகவே அளந்தாலும் உங்களுக்கு நம்பிக்கை வராது, அவருக்கும் அந்த நேர்மைக்குப் பலன் கிடைக்காது. ஏற்றும் இடத்திலேயே இரு தரப்பும் ஏற்கும் பொது அளவை நிலையம் வேண்டும்.

இத்தனை பேர் இருந்தும் விவசாயிகளால் அதைக் கேட்டு வாங்க முடியாததற்குக் காரணத்தை மான்சர் ஓல்சன் என்ற பொருளியலாளர் 1965லேயே எழுதிவிட்டார். ஆலைகள் சில நூறு என்றால் ஒன்றுகூடுவது சுலபம். விவசாயிகள் ஆயிரக்கணக்கில். சங்கக் கூட்டத்துக்கு நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்தாலே போதும், சங்கம் காலி. அதனால் மாவட்டம் முழுக்க வேண்டாம், ஒரே ஆலைக்குக் கிழங்கு போடுகிற முப்பது நாற்பது பேராகச் சேருங்கள். யார் வரவில்லை என்பது தெரிகிற அளவுக்குக் கூட்டம் சின்னதாக இருக்க வேண்டும்.

வார்டு தேர்தலில் நிற்க நினைப்பவர்: எதிர்ல நிக்கிறவர் பணம் கொடுக்கிறார். நானும் கொடுக்கணுமா? செலவுக்கு உச்சவரம்பு போட்டா சரியாகுமா சார்?

உச்சவரம்பு நினைத்த பலனைத் தரும் என்பது நிச்சயமில்லை. சே, கேல் என்ற இரு பொருளியலாளர்கள் 1998ல் காட்டியபடி, வரம்பு வலுத்தவரைக் கட்டிப்போடும்போது இளைத்தவருக்குத் தைரியம் வருகிறது, சில சமயம் மொத்தச் செலவே கூடிவிடுகிறது.

நீங்கள் கொடுக்க வேண்டாம் தம்பி. வாக்கு ரகசியம், வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று உங்களால் பார்க்க முடியாது. 2008 டெல்லி சட்டமன்றத் தேர்தலின்போது, உறுப்பினர்கள் என்ன வேலை செய்தார்கள் என்ற விவரத்தைச் செய்தித்தாள் மூலம் குடிசைப் பகுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் ரோகிணி பாண்டேயும் அந்தக் குழுவில் இருந்தார்கள். விவரம் போய்ச் சேர்ந்த பகுதிகளில் வாக்குப்பதிவு கூடியது, வாக்குக்குப் பணம் கொடுப்பது குறைந்தது. உங்கள் வார்டுக்குச் சாக்கடைக்கும் குடிநீருக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தெருவில் வேலை நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுங்கள்.