காபியை விடுவது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: தினம் நாலு டம்ளர் ஃபில்டர் காபி. ஒரு நாள் நிறுத்தினாலே தலை பிளக்கிறது. ஏன் சார்?

பதில்: அடினோசின் என்ற பொருள் பகல் முழுக்க மூளையில் சேர்ந்து அசதியைத் தருகிறது. அது உட்கார வேண்டிய இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்ளும். தினமும் குடித்தால் மூளை அந்த இடங்களைப் பெருக்கிக்கொள்கிறது. காபி நின்றதும் அத்தனையிலும் அடினோசின் அமர, ரத்தக் குழாய்கள் விரிந்து வலிக்கிறது. 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சம். பெரும்பாலும் 9 நாளுக்குள் அடங்கும்.

ஆகவே படிப்படியாக இறங்குங்கள். காபிப் பொடியையும் சிக்கரியையும் தனித்தனியாக வாங்குங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது. 80:20 குடிப்பவர் நாலு நாள் 60:40, அடுத்த நாலு நாள் 40:60, பிறகு 20:80. கடைக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதற்குக் கீழே இறங்க வீட்டில்தான் கலக்க வேண்டும். சிக்கரி கூடினால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டிகாஷன் இறங்காமல் நிற்கும். காபியைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து வாங்கி, ஃபில்டரில் அழுத்தாமல் போடுங்கள்.

தலைவலி மாத்திரை போடுமுன் அட்டையைப் படியுங்கள். சிலவற்றில் காஃபினும் இருக்கிறது. வலி போகும், பட்ட பாடும் வீணாகும்.

கேள்வி: நான் டீக்கு மாறிவிட்டேன். அதில் இருப்பது தேயின்தானே?

பதில்: இரண்டும் ஒரே பொருள், பெயர்தான் இரண்டு. டம்ளருக்கு அளவு குறைவு, அவ்வளவே.

கேள்வி: ஒரே நாளில் விட்டுவிட்டால் என்ன?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சிகரெட்டையும் காபியையும் சேர்த்து விடலாமா?

பதில்: காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகை முடுக்கிவிடுகிறது. புகை நின்றால் அதே நாலு டம்ளர் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிகரெட் ஏக்கம் என்று எண்ணி மறுபடி பற்றவைப்பார்கள். சிகரெட்டை விடும்போதே காபியைப் பாதியாக்குங்கள்; மீதியைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: காபியைப் போய் சிகரெட்டோடு சேர்க்கிறீர்களே! இது வெறும் பழக்கம்.

பதில்: உங்கள் பக்கம் நியாயம் உண்டு. உடல் பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, காபி நிறுத்தத்தால் வரும் அவதியை நோயாக ஏற்றது. காபிக்கு அடிமையாதலை மேலும் ஆராய வேண்டியவற்றில் வைத்தது. ஆனால் 'வெறும்' என்ற சொல் அந்த அவதியை மறைக்கிறது.

கேள்வி (அவரே): அப்படியென்றால் குடியையும் இதே போல் வீட்டிலேயே விடலாமே?

பதில்: கூடவே கூடாது. தினமும் மிகுதியாகக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் நடுக்கம், பிதற்றல், இல்லாத உருவம் தெரிவது என்று முற்றி உயிரே போகலாம். அறையில் பூட்டித் திருத்த நினைக்கும் குடும்பங்களே, தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காபி நிறுத்துவதால் யாரும் சாவதில்லை, வித்தியாசம் அங்கேதான்.

கேள்வி: ஏழு மாத கர்ப்பம். காபி குடிக்கலாமா அக்கா?

பதில்: நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் இருக்கட்டும் அம்மா; டீ, கோலாவும் அந்தக் கணக்கில் சேரும். இந்த மாதங்களில் காஃபின் வெளியேற வழக்கத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் ஆகும். உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

கேள்வி: ஒரேயடியாக நிறுத்தினால் சீக்கிரம் முடியாதா?

பதில்: மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே பதில்.

கேள்வி: காலைக் காபியா, மாலைக் காபியா, எதை முதலில் வெட்டுவது?

பதில்: மாலையை. உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நாலரைக்குக் குடித்ததில் பாதி, ஒன்பதரைக்குப் பாய் விரிக்கும்போதும் உடம்பில் இருக்கும்.