வாசகர் கேள்வி-பதில்: சலிக்கும் முன் எழுதுங்கள்

கேள்வி: குமுளியில் ஏலக்காய்க் கடையில் ஒன்பது வருடமாக வேலை. காயைக் கையில் அள்ளினாலே தரம் சொல்லிவிடுவேன் என்பார்கள். முதலாளி இப்போது கணக்கையும், தோட்டக்காரர்களிடம் போனில் பேசுவதையும் பழகச் சொல்கிறார். இரண்டும் எனக்கு வராது. வராததோடு மல்லுக்கட்டுவதா, வருவதில் தேறுவதா?
- வாசகர், கம்பம்

பதில்: வருவதில்தான். ஆனால் 'என்பார்கள்' என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு நோட்டு போதும். சாம்பிள் கைக்கு வந்ததும், சல்லடையில் போடும் முன், மூன்றை எழுதுங்கள்: 100 கிராமில் 8 எம்.எம். சல்லடையில் நிற்பது எத்தனை கிராம், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை) எவ்வளவு, கிலோ என்ன விலைக்குப் போகும். அப்புறம் சலித்து, நிறுத்து, ஏலம் முடிந்ததும் விலையையும் கேட்டு, பக்கத்திலேயே குறியுங்கள். எதிர்பார்ப்பை முதலிலேயே எழுதிவைத்து, 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடச் சொன்னவர் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர். உங்களுக்கு ஒரு வருடம் காத்திருக்கும் வேலை இல்லை. 30 லாட் (ஏலத்துக்கு வரும் தனித்தனிச் சரக்கு) போதும்.

சறுக்குவது இங்கேதான்: தோட்டத்தின் பேர் தெரிந்தால் கை காயைப் பார்க்காது, பேரைத்தான் பார்க்கும். சீட்டை மறைத்துவிட்டு எடுங்கள். கலரை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். விடை தெரிந்தபின் எழுதினால் நோட்டே வீண்.

கணிப்பு எப்போதும் ஒரே பக்கமாக, கூடுதலாகவோ குறைவாகவோ தப்பினால் திருத்திவிடலாம். அங்கும் இங்கும் சிதறினால் அது வெறும் ஊகம். சைஸும் வெயிட்டும் சரியாக வந்து விலை மட்டும் தப்பினால், உங்கள் பலம் தரம் பிரிப்பது, கொள்முதல் இல்லை. முதலாளியிடம் நோட்டைக் காட்டி, தரம் பிரிக்கும் பொறுப்பை முழுசாகக் கேளுங்கள்.

கணக்கில் பில்லின் எடை, விலை, 5 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றும் சரியா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். போனில் பேசப் பழகுவதை மட்டும் விடாதீர்கள். தோட்டக்காரர்கள் பேசும் மலையாளத்தில் 'ஏலம்' என்றால் ஏலக்காய். ஏலம் விடுவதற்கு 'லேலம்' என்பார்கள். "நாளைக்கு ஏலம் உண்டா?" என்று நீங்கள் கேட்க, அவர் காய் இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துப் பதில் சொல்வார். உங்கள் கைத்திறமையைக் கெடுப்பது இந்த மாதிரிக் குறைதான். இதற்கு இருபது முப்பது வார்த்தைகள் பழகினால் போதும்.

கேள்வி: இணையத்தில் 24 குணபலங்களுக்கான வினாத்தாளை நிரப்பினேன். சுயகட்டுப்பாடு கடைசியில் வந்தது. நான் ஆசிரியை, கவலையாக இருக்கிறது.
- வாசகி, செங்கோட்டை

பதில்: உளவியல் அறிஞர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004-ல் வகுத்த பட்டியல் அது. வினாத்தாள் உங்களுடைய 24 குணங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது, அவ்வளவுதான். கடைசியில் வந்ததற்கு ஃபெயில் என்று பொருள் இல்லை. அதுவும் நீங்களே உங்களைப் பற்றிச் சொன்ன பதில்கள். முதல் ஐந்தை எடுத்து, இந்த வாரம் எந்தப் பீரியடில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று டைம்டேபிளிலேயே குறித்துப் பாருங்கள்.